போனஸ் ஆயிரம், பந்தயம் முப்பதாயிரம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கித் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் பேசி முடித்து, நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சென்ற மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆன்லைன் கேசினோ விளம்பரம் வந்தது. "முதல் டெபாசிட்டுக்கு 100 சதவீதம் போனஸ்" என்று பெரிய எழுத்து. நிர்வாகி உடனே நீக்கிவிட்டார், நல்லது. ஆனால் நீக்குவதற்குள் யாரோ ஒருவர் அதன் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "போனஸ் பணத்தை வெளியே எடுக்க எந்த கேம் ஆடினால் சுலபம்?"

கேட்டவர் யார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். அந்தக் கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்லை. சூதாட்டம் கெட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதையே நானும் ஒருமுறை சொல்லிப் பயனில்லை. இது கணக்குக் கேள்வி, கணக்காகவே பதில் சொல்கிறேன். பதிலைக் கேட்ட பிறகு முடிவு உங்களுடையது.

ஆடித் தள்ளுபடி கூப்பன் மாதிரிதான்

ஆடி மாதத்தில் துணிக்கடைக்குப் போகிறீர்கள். பில் போட்டதும் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கூப்பன் தருகிறார்கள். பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக வெளியே வருகிறீர்கள். வீட்டில் கண்ணாடி போட்டுப் பார்த்தால், பின்புறம் பொடி எழுத்தில், "அடுத்த முறை முப்பதாயிரத்துக்கு வாங்கினால் மட்டுமே செல்லும்" என்று இருக்கிறது. அப்போது அந்தக் கூப்பன் ஆயிரம் ரூபாய் ஆகுமா? ஆகாது. அது உங்களை மறுபடி கடைக்குள் அழைக்கும் சீட்டு.

கேசினோ போனஸும் அப்படித்தான். நீங்கள் ஆயிரம் ரூபாய் கட்டுகிறீர்கள். அவர்கள் ஆயிரம் ரூபாய் போனஸ் போடுகிறார்கள். திரையில் இரண்டாயிரம் என்று தெரிகிறது. ஆனால் போனஸை வெளியே எடுக்க ஒரு நிபந்தனை உண்டு. போனஸ் தொகையைப் போல 30 மடங்கு, அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி முடித்திருக்க வேண்டும். இதைத்தான் 'வேஜரிங் ரிக்வயர்மென்ட்' என்கிறார்கள். நான் பந்தய நிபந்தனை என்று சொல்கிறேன். சில இடங்களில் மடங்கு 20, சில இடங்களில் 40, 50 கூட. இன்னும் சிலர் போனஸை மட்டும் கணக்கில் எடுக்காமல், நீங்கள் கட்டிய பணத்தையும் சேர்த்து 30 மடங்கு என்பார்கள். அப்போது 30,000 என்பது 60,000 ஆகிவிடும்.

30,000 ரூபாய்க்குப் பந்தயம் என்றதும் கையிலிருந்து முப்பதாயிரம் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நூறு ரூபாய் கட்டி, நூறு ஜெயித்து, அதையே மறுபடி கட்டினால் அதுவும் கணக்கில் ஏறும். ஒரே பணம் சுற்றிச் சுற்றி வரலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாகக் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்பது எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. நம் நண்பர் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனத்தின் பங்கு

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று மட்டும் பச்சை நிறப் பூஜ்யம். சிவப்பில் நூறு ரூபாய் கட்டினால், சிவப்பு விழுந்தால் நூறு லாபம். கறுப்போ பூஜ்யமோ விழுந்தால் நூறு நஷ்டம். 37 முறை நூறு நூறாகக் கட்டினால், சராசரியாக 18 முறை ஜெயிப்பீர்கள், 19 முறை தோற்பீர்கள். 3,700 ரூபாய் பந்தயத்துக்கு நூறு ரூபாய் அவர்களுக்கு. சதவீதத்தில் 2.7. அந்த ஒரே ஒரு பச்சைக் குழியில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. அமெரிக்க வகைச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம், 38 குழிகள். அங்கே அவர்கள் பங்கு 5.26 சதவீதம்.

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து ஒரு தவறும் இல்லாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேஜையில் அவர்கள் பங்கு சுமார் அரை சதவீதம்தான். பக்காராவில் 'பேங்கர்' பக்கம் கட்டினால் 1.06 சதவீதம். அதே மேஜையில் 'டை' என்று கட்டினால், ஒன்றுக்கு எட்டு தரும் இடங்களில், 14 சதவீதத்துக்கும் மேல். ஒரே மேஜையில் கை நாலு அங்குலம் நகர்ந்தால் இவ்வளவு வித்தியாசம்.

ஸ்லாட் என்பது பொத்தானைத் தட்டினால் படங்கள் சுழலும் ஆட்டம். அதில் 'ஆர்.டி.பி. 96 சதவீதம்' என்று போட்டிருந்தால், நூறு ரூபாய் பந்தயத்துக்கு நீண்ட நாள் சராசரியாக 96 திரும்பி வரும், 4 அவர்களுக்கு என்று அர்த்தம். ஒரே பெயருள்ள ஸ்லாட்டையே தயாரிப்பாளர்கள் 96, 94, 92 என்று பல வகையாக விற்பதும் உண்டு. எந்த வகை ஓடுகிறது என்பது தகவல் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதுவரை கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? "அப்படியானால் பிளாக்ஜாக் ஆடி நிபந்தனையை முடித்துவிடலாமே! 30,000 ரூபாயில் அரை சதவீதம் 150 ரூபாய்தான். ஆயிரம் ரூபாய் போனஸில் 850 மிச்சம்."

சரியான கணக்கு. உங்களுக்குத் தோன்றியது நிபந்தனை எழுதியவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி எண்ணப்படுவதில்லை

போனஸ் நிபந்தனைகளில் ஓர் அட்டவணை இருக்கும். எந்த ஆட்டத்தில் கட்டும் பந்தயம் எத்தனை சதவீதம் கணக்கில் சேரும் என்று சொல்லும் அட்டவணை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் பொதுவான போக்கு இதுதான்: ஸ்லாட் 100 சதவீதம் சேரும். ரூலெட் 10 அல்லது 20 சதவீதம். பிளாக்ஜாக் 10 அல்லது 5 சதவீதம். பக்காரா, நேரலை மேஜைகள் போன்றவை பத்து சதவீதமோ, சுத்தமாகப் பூஜ்யமோ.

பிளாக்ஜாக்கில் நூறு ரூபாய் கட்டினால் பத்து ரூபாய்தான் எண்ணப்படும். ஆக, 30,000 ரூபாய் எண்ணப்பட வேண்டுமானால் மூன்று லட்ச ரூபாய்க்கு ஆட வேண்டும்.

பலகையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். போனஸ் 1,000 ரூபாய், நிபந்தனை 30 மடங்கு.

– ஸ்லாட்: நிறுவனத்தின் பங்கு 4 சதவீதம், முழுவதும் எண்ணப்படும். ஆட வேண்டியது 30,000 ரூபாய். சராசரி இழப்பு 1,200 ரூபாய்.

– ஒற்றைப் பூஜ்ய ரூலெட்: பங்கு 2.7 சதவீதம், எண்ணப்படுவது 20 சதவீதம். ஆட வேண்டியது 1,50,000 ரூபாய். சராசரி இழப்பு சுமார் 4,050 ரூபாய்.

– பக்காரா, பேங்கர் பக்கம்: பங்கு 1.06 சதவீதம், எண்ணப்படுவது 10 சதவீதம். ஆட வேண்டியது 3,00,000 ரூபாய். சராசரி இழப்பு 3,180 ரூபாய்.

– பிளாக்ஜாக், தவறே செய்யாமல்: பங்கு அரை சதவீதம், எண்ணப்படுவது 10 சதவீதம். ஆட வேண்டியது 3,00,000 ரூபாய். சராசரி இழப்பு 1,500 ரூபாய்.

இப்போது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லலாம். எந்த ஆட்டம் சுலபம்? இந்த நாலில் ஸ்லாட்தான் குறைவான இழப்பு. பங்கு அதிகமாகத் தெரிந்த ஆட்டமே இங்கே மலிவாக முடிகிறது, பங்கு குறைவாகத் தெரிந்தவை விலை ஏறிவிட்டன. ஆனால் அந்த மலிவான வழியிலும் ஆயிரம் ரூபாய் போனஸுக்காகச் சராசரியாக 1,200 ரூபாய் போகிறது. போனஸ் முழுவதும் போய், உங்கள் சொந்தப் பணத்தில் 200 சேர்த்துப் போகிறது. 94 சதவீத வகை ஸ்லாட்டாக இருந்தால் இழப்பு 1,800.

ரூலெட்டில் 4,050 ரூபாய் இழப்பு என்றேன். கணக்கில் இருப்பதே 2,000 ரூபாய்தானே, எப்படி என்று கேட்பீர்கள். அதாவது, நிபந்தனை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடும் வாய்ப்பே அதிகம். தீர்ந்த பிறகு திரையில் என்ன வரும்? மறுபடி டெபாசிட் செய்யச் சொல்லி ஒரு செய்தி வரும்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பிளாக்ஜாக்கில் கைக்கு நூறு ரூபாய் வீதம் மூன்று லட்சம் என்றால் 3,000 கைகள். நிமிடத்துக்கு ஒரு கை என்றாலும் 50 மணி நேரம். ஏழு நாள் கெடு இருந்தால், தினமும் ஏழு மணி நேரம். அலுவலகம் போய்வரும் ஒருவர் இதை எப்போது ஆடுவார்? ராத்திரி தூங்க வேண்டிய நேரத்தில்தான்.

புத்திசாலித்தனத்துக்கும் கதவு அடைப்பு

"சராசரிதானே, எனக்கு அதிர்ஷ்டம் அடித்தால்?" என்று கேட்கலாம். அடிக்கும், சிலருக்கு நிச்சயம் அடிக்கும். சராசரி என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பெரிய தொகையாகச் சில முறை கட்டினால் சிலர் மேலே போவார்கள், பலர் சீக்கிரமே காலியாவார்கள். இதைத் தடுக்கத்தான், போனஸ் இருக்கும்வரை ஒரு பந்தயத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள். தவறி ஒருமுறை அதைத் தாண்டினால் ஜெயித்தது முழுவதையும் ரத்து செய்ய அந்த விதியே போதும்.

சிவப்பிலும் கறுப்பிலும் சமமாகக் கட்டி இழப்பே இல்லாமல் கணக்கை ஏற்றலாமா? பூஜ்யம் விழுந்தால் இரண்டும் போகும். அதே 2.7 சதவீதம்தான். தவிர, அப்படி ஆடுவது 'முறைகேடான ஆட்டம்' என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். திரும்பி வரும் விகிதம் அதிகமுள்ள ஸ்லாட்டாகத் தேடி ஆடலாமா? அவை பெரும்பாலும் விலக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் இருக்கும். எல்லாம் தாண்டி ஜெயித்தாலும், போனஸிலிருந்து வந்த வெற்றியில் இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாது என்று இன்னொரு வரி இருக்கும். சில திட்டங்களில் போனஸ் தொகையையே எடுக்க முடியாது, பணம் எடுக்கும்போது அதைக் கழித்துவிடுவார்கள்.

இதில் ஏமாற்று எங்கே என்று தேட வேண்டாம். எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான் தணிக்கையில் கற்றுக்கொண்டது ஒன்று: ஒப்பந்தத்தை எழுதியவர் தனக்கு நஷ்டம் வரும்படி எழுதுவதில்லை.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

ஒரு சூத்திரம் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மடங்கு எண்ணை நிறுவனத்தின் பங்கால் பெருக்குங்கள். வருவதை, எண்ணப்படும் விகிதத்தால் வகுத்துவிடுங்கள். விடை நூறு சதவீதத்தைத் தாண்டினால், போனஸ் உங்கள் பணத்தையும் சேர்த்து விழுங்கும்.

ஸ்லாட்டுக்கு 30 பெருக்கல் 4 சதவீதம், 120. தாண்டிவிட்டது. 25 மடங்காக இருந்தால் சரியாக 100, போனஸ் இருந்தும் இல்லாத கணக்கு. 10 மடங்கு என்றால் 40. அதாவது ஆயிரத்தில் சராசரியாக 600 மிஞ்சும்.

அந்தப் பத்து மடங்கை நான் சும்மா சொல்லவில்லை. ஆன்லைன் கேசினோவைச் சட்டப்படி அனுமதித்து, உரிமம் கொடுத்து, கண்காணிக்கும் நாடு பிரிட்டன். அங்கே 2018 பிப்ரவரியில், போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் மூன்று நிறுவனங்களிடம் உறுதிமொழி வாங்கியது. வாடிக்கையாளர் தன் சொந்தப் பணத்தை எடுப்பதற்குப் பலமுறை ஆடியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. 2025 மார்ச்சில் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம், போனஸ் நிபந்தனை பத்து மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அறிவித்தது. ஸ்லாட்டில் ஒரு சுழலுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதுவரை 2 பவுண்டு என்ற உச்சவரம்பும் அதே 2025இல் நடைமுறைக்கு வந்தது. சூதாட்டத்தை அனுமதித்த அரசே, இந்த நிபந்தனைகள் மனிதர்களைத் தேவைக்கு மேல் ஆட வைக்கின்றன என்று பார்த்துக் கடிவாளம் போட்டிருக்கிறது.

நம் ஊரில் நிலைமை

நமக்கு அந்தக் கடிவாளமும் கிடையாது. ஏனென்றால் இங்கே அந்தத் தொழிலே சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்று அது சொல்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது, சட்டத்தைச் செல்லும் என்றது. பிறகு 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, இப்போது உங்கள் போனுக்கு வரும் கேசினோ விளம்பரம் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படுவதாகத்தான் இருக்கும். பலகையில் நான் போட்ட கணக்கு, சக்கரம் நேர்மையாகச் சுற்றும், ஜெயித்தால் பணம் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. இவர்களிடம் அந்த உத்தரவாதமும் இல்லை. பணம் வராவிட்டால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பீர்கள்? பணம் கட்டச் சொல்லும் யூ.பி.ஐ. முகவரியும் நிறுவனத்தின் பெயரில் இருக்காது, யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் பெயரில் இருக்கும். அந்த மாதிரிக் கணக்கோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால், போலீஸ் விசாரணையில் உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். சம்பளம் வருகிற, வீட்டுக் கடன் தவணை போகிற கணக்கு அது. ஆயிரம் ரூபாய் போனஸுக்கு அதைப் பணயம் வைக்க வேண்டுமா?

இரண்டாவது, "என் லிங்க் வழியாகச் சேர்ந்தால் உனக்கும் போனஸ், எனக்கும் போனஸ்" என்று அனுப்புவது நட்பு உதவி ஆகாது. விளம்பரம் செய்த குற்றம் என்று அதை எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நம் குழுவில் அப்படி எதையும் போட வேண்டாம் என்று சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால்

இந்தக் கூட்டத்தில் இது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. "இன்னும் எட்டாயிரம் ஆடினால் நிபந்தனை முடிந்துவிடும், அதுவரை மட்டும்" என்று தோன்றும். அந்த முன்னேற்றக் கோடு 70 சதவீதம், 80 சதவீதம் என்று காட்டுவது எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதை அல்ல. எவ்வளவு ஆடி முடித்தீர்கள் என்பதை மட்டும்தான். மிச்சமுள்ள எட்டாயிரத்துக்கும் அதே சதவீதம் போகும். போன பணம் போனதுதான். அதை மீட்க இன்னும் போடுவதுதான் ஆயிரத்தை லட்சமாக்குகிறது.

பெற்றோர்களே, வங்கி அறிக்கையில் நள்ளிரவு தாண்டி, தெரியாத பெயர்களுக்கு முன்னூறு, ஐந்நூறு என்று அடுத்தடுத்துப் போயிருந்தால், சத்தம் போடாமல் உட்கார்ந்து கேளுங்கள். சத்தம் போட்டால் அடுத்த கடன் உங்களுக்குத் தெரியாமல் வாங்கப்படும், அவ்வளவுதான் வித்தியாசம். பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். ஆடாமல் இருக்க முடியவில்லை, தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ். இலவசம், தமிழிலும் பேசலாம்.

எந்த கேம் ஆடினால் சுலபம் என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் உங்களுக்கு இருப்பதாகத் தெரியும். ஆனால் எந்த ஆட்டம் எத்தனை சதவீதம் எண்ணப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவர்கள். மலிவான வழியெல்லாம் அடைத்த பிறகு மிச்சம் இருப்பதில்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

பலகையில் உள்ள கணக்கை நாளை மாலை வரை அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுங்கள், எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் கணக்கில் தவறு கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன், எந்த நிபந்தனையும் இல்லாமல்.